தலைவரின் காருக்கு மெலிந்த ரயர்

— உதென்ன பிள்ளை, சைக்கிள் ரயரோ?

— இல்லை அங்கிள். உங்கட காருக்கு விண்டர் ரயர்.

— யதுஷா, நீ என்ர காரை வடிவாப் பாத்தனியோ? வெளியில நிக்குது. மஞ்சள். ரெண்டு கதவு. போற வாற சனம் நிண்டு படம் எடுத்துக்கொண்டு போகுது. சுவிஸில இந்த வில் ரவுணில உப்பிடியொரு ஸ்போர்ட்ஸ் கார் வைச்சிருக்கிற தமிழன் நான் ஒருத்தன்தான். அதுக்குப் போய் உவ்வளவு மெலிஞ்ச ரயரைப் போட்டால் யானைக்குக் கொக்கின்ர கால் பூட்டின மாதிரி இருக்கும். விளங்குதோ?

— இஞ்சேருங்கோ, பனி கொட்டேக்க ஆரப்பா ரயரைப் பாக்கவெண்டு வெளியில வரப்போகினம்?

— மலர், நீ கொஞ்சம் சும்மா இரு. இது ரெக்னிக்கல் விசயம்.

— அது சரி.

— அல்ஸோ, சரி, சொல்லுறன் அங்கிள். அகலமான ரயர் ஸ்னோவுக்கு மேல ஏறி மிதக்கும். மெலிஞ்சது வெட்டிக்கொண்டு கீழ போய் ரோட்டைப் பிடிக்கும். அதுதான் விண்டருக்கு ஒரு சைஸ் குறைக்கிறது. உங்கட கார் பின்சில்லால தள்ளுற கார். பிடி இல்லாட்டில், வளைவில பின்பக்கம் முன்னுக்கு வந்து உங்களிட்டச் சுகம் விசாரிக்கும்.

— மெலிஞ்சதுதான் பிடிக்குமோ? உன்ர கொப்பர் தம்பித்துரையும் மெலிஞ்ச ஆள்தான். போன தமிழ் ஒன்றியத் தேர்தலில எனக்கு எதிராத் தலைவர் பதவிக்கு நிண்டு என்னத்தைப் பிடிச்சவர்?

— தும்மலும் தடிமனும் பிடிச்சவர் அங்கிள். ஹோல் வாசலில நிண்டு வந்த எல்லாருக்கும் கை குடுத்ததில.

— பகிடி. பறவாயில்லை, இளம் ஆக்கள் பகிடி விடோணும். நான் அதை வரவேற்கிறனான். எமது ஒன்றியம் எப்பவும் இளைஞர்களை அரவணைச்சுத்தான் போகுது. சரி, அந்தப் பக்கத்தில தடிப்பா அடுக்கியிருக்கிறது என்ன? அதைப் போடுவம்.

— அது சமர் ரயர், வெயில் காலத்துக்கு.

— நல்ல வடிவாயிருக்கு.

— உங்கட காரில இப்ப பூட்டியிருக்கிறதும் அதுதான் அங்கிள்.

— அதுதானே சொன்னன், வடிவெண்டு.

— வடிவுதான். ஆனால் குளிருக்கு அந்த ரப்பர் இறுகிப்போகும். ஃபிரிட்ஜில வைச்ச தொதல் மாதிரி. கத்தியாலயும் வெட்டேலாது. விண்டர் ரயரின்ர ரப்பர் வேற. எவ்வளவு குளிரெண்டாலும் மெத்தெண்டு இருக்கும். இதில பாருங்கோ, கரையில மலையும் அதுக்குள்ள ஒரு ஸ்னோ பூவும் கீறியிருக்கு. இந்த அடையாளம் இல்லாததை நான் உங்கட காருக்குப் பூட்டமாட்டன்.

— மலையும் பூவும். ஏதோ பால் பெட்டியில கீறின மாதிரி இருக்கு. சிறுத்தை, கழுகு, அப்பிடி ஒண்டும் இல்லையோ?

— இல்லை அங்கிள். சிறுத்தை விண்டரில ஓடுறேல்லை.

— யது, மேல முதியோர் இல்லத்துக்குப் போற ஏத்தம் உனக்குத் தெரியுமெல்லே? பண்ணைக்குப் பக்கத்தால வளைஞ்சு வளைஞ்சு போற ரோட்டு?

— தெரியும் அன்ரி. அங்க நீங்கள் வேலை செய்யிறீங்கள் எண்டு அம்மா சொன்னவ.

— ஓம். விடியப்புறமே டியூட்டி தொடங்கும். அந்த நேரம் மேல போறதுக்குப் பஸ்ஸும் இல்லை. உப்புப் போடுற வண்டி வாறதுக்கு முன்னம் நான் ஏறிடோணும். அந்த ஏத்தத்தில சறுக்காததா ஒண்டு காட்டு. வடிவு எனக்குத் தேவையில்லை.

— மலர், அவசரப்படாதை. ரயர் எண்டுறது ஏத்தம் ஏறுறதுக்கு மட்டுமில்லை. அதில ஒரு ஆளின்ர அந்தஸ்தும் சேர்ந்து உருளுது. பிள்ளை, பொங்கல் விழாவுக்கு நகரத் தலைவரம்மா வாறா. நான்தான் வாசலில நிண்டு வரவேற்கப்போறன். என்ர கார் மண்டபத்துக்கு முன்னால நிக்கும். அவ இறங்கேக்க முதல் காணுறது என்ர முன்சில்லு. விளங்குதோ?

— கெனாவ், சரியா விளங்குது. அவ என்னத்தில வாறா அங்கிள்?

— ட்ரெயினிலயாம். பிறகு நடந்து.

— அது சரி.

— நீ ஏன் அது சரி எண்டுறாய், மலர்?

— சும்மா. நடந்து வாறவ சில்லைக் காணத்தான் செய்வா.

— அங்கிள், ஒண்டு கேக்கவே? இவ்வளவு நாளும் ஏன் பேசாமல் இருந்தனீங்கள்? ஒக்டோபரில இருந்து ஈஸ்டர் மட்டும் விண்டர் ரயர் எண்டு இஞ்ச சின்னப் பிள்ளையளுக்கும் தெரியும். நாளைக்கு ஸ்னோ எண்டு காலமை ரேடியோவில சொன்ன நிமிசம் இந்த வாசலில லைன் வைச்சிட்டாங்கள். கிறிஸ்மஸ் வரைக்கும் ஆருக்கும் டெர்மின் குடுக்க என்னட்ட நேரம் இல்லை. உங்களுக்காண்டி என்ர மத்தியானச் சாப்பாட்டை விட்டுப்போட்டு நிக்கிறன்.

— நன்றி பிள்ளை. உன்ர சேவை மனப்பான்மையை நான் மேடையில குறிப்பிடுவன். விசயம் என்னெண்டால், விண்டரில இந்தக் கார் வெளியில வாறேல்லை. கீழ கராஜில போர்வை போத்து நித்திரை. வாங்கின நாளில இருந்து அப்பிடித்தான். விண்டருக்கு எங்களிட்ட மலற்ற சின்னக் கார் இருந்தது.

— இருந்தது. போன மாதம் சோதனைக்குக் கொண்டுபோனம். அடியெல்லாம் கறள் பிடிச்சு அரிச்சுப்போச்சாம். ரோட்டுக்கு விட ஏலாதெண்டு சொல்லிப்போட்டினம். நல்ல மனுசன் மாதிரி உழைச்ச கார், யது. கழுவக்கூட ஆள் இல்லை அதுக்கு. உதுக்கு மட்டும் சனிக்கிழமை சனிக்கிழமை முழுக்கு.

— ஐயோ, பாவம் அன்ரி. அப்ப இந்த விண்டருக்கு இது ஒண்டுதான்?

— இது ஒண்டுதான்.

— அப்ப அன்ரியை விடியக் காலமை ஆர் கொண்டுபோய் விடுறது?

— என்ன கேள்வி பிள்ளை இது? ஒரு தலைவற்ற மனைவி தலைவற்ற காரில போவா. அவ்வளவுதான்.

— நல்ல விசயம் அங்கிள். என்ர அப்பா, அம்மாவைப் பஸ் தரிப்பிடம் மட்டும்கூட கொண்டுபோய் விடமாட்டார்.

— அதுக்கெல்லாம் ஒரு மனம் வேணும்.

— அது சரி.

— அப்ப இதைத்தான் போடுறன். நல்ல ரயர். ஒரு விசயம் சொல்லோணும். இது உங்கட கார் ஓடக்கூடிய ஆகக்கூடின வேகத்துக்குச் செய்ததில்லை. இருநூற்றிப் பத்து மட்டும்தான். அதாலை ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில, ஓடுற ஆளின்ர கண்ணுக்குப் படுற மாதிரி, ஒரு சின்ன ஸ்ரிக்கர் ஒட்டோணும்.

— என்ன ஸ்ரிக்கர்?

— இருநூற்றிப் பத்துக்கு மேல ஓடக்கூடாது எண்டு.

— என்ர காருக்குள்ளயோ? என்ர கண்ணுக்கு முன்னாலயோ?

— இஞ்சேருங்கோ, இந்த நாட்டில ஹைவேயில நூற்றியிருபதுதானே?

— பிரச்சினை அது இல்லை, மலர். ஓடுறது வேற, ஓடக்கூடியதா இருக்கிறது வேற. நான் இருநூற்றி எழுபது ஓடக்கூடிய காரில நூற்றியிருபது ஓடினால் அது பண்பாடு. இருநூற்றிப் பத்து ஓடக்கூடிய காரில நூற்றியிருபது ஓடினால் அது வெறும் நூற்றியிருபது. விளங்குதோ?

— எனக்கு விளங்கேல்லை அங்கிள். ஆனால் இதை நீங்கள் எங்கட கடை விளம்பரத்துக்கு எழுதித் தரலாம்.

— ஒட்டு, யது. பெரிசா ஒட்டு. அந்த ஸ்ரிக்கர் ஆருக்கும் ஒரு கெடுதலும் செய்யாது.

— நான் ஒரு சமரசத்துக்கு வாறன். ஸ்ரிக்கரை ஒட்டு பிள்ளை. ஆனால் பொங்கலண்டைக்கு அதுக்கு மேல பிள்ளையார் படம் ஒண்டு வைப்பன்.

— வைக்கலாம். அப்ப வேலையைத் தொடங்கிறன். திறப்பைத் தாங்கோ. நான் காரை உள்ளுக்க எடுத்து லிஃப்டில ஏத்திறன்.

— மலர், திறப்பைக் குடு.

— இந்தா, யது. பிடி. கொஞ்சம் கவனமா இருந்து எடு. சீட் முன்னுக்கு நிக்கும்.

— …அங்கிள்! என்ன இது? சீட் ஸ்டியரிங்கோட ஒட்டிக் கிடக்கு. என்ர முழங்கால் ரெண்டும் முட்டுப்பட்டு, இறங்கேலாமல் இருந்தன். நீங்கள் என்னை விட உயரமெல்லே? எப்பிடி இதுக்குள்ள மடிஞ்சு இருக்கிறீங்கள்?

— அது வந்து… நெருக்கமா இருந்தால்தான் ரோட்டை உணரலாம். ரேஸ் ஓடுறவங்கள் எல்லாரும் அப்பிடித்தான் இருக்கிறவங்கள்.

— குஷன் ஒண்டும் கிடக்கு. பூப்போட்டது.

— இடுப்புக்கு.

— இடுப்புக்கோ அங்கிள்? அது இருக்கிற இடத்தில எல்லோ கிடக்குது.

— இடுப்பு எங்க முடியுது, மற்றது எங்க தொடங்குது எண்டு டொக்டருக்கே தெரியாது பிள்ளை. நீ ரயரைக் கழட்டு.

— அது சரி.

— கழட்டிக்கொண்டே கதைக்கிறன், குறை நினைக்காதேங்கோ அங்கிள். உங்களிட்ட ஒண்டு கேக்கோணும் எண்டு கன நாளா நினைச்சிருந்தனான்.

— கேள். தலைவரிட்ட எவரும் எந்த நேரமும் கேக்கலாம். என்ர கொள்கை அது.

— தம்பியின்ர விசயம். நிருசன்.

— ம்… அந்தச் சின்னச் சில்லுக்குள்ளால என்ர சிவப்பு பிரேக் வெளியில தெரியுமோ?

— தெரியும் அங்கிள். நிருசனைப் பொங்கலுக்கு மிருதங்கம் வாசிக்க விடுங்கோவன். சலங்கை கட்டி ஆடுற பிள்ளையளின்ர நடனத்துக்கு அவன்தான் வாசிக்கிறதெண்டு போன வருசமே சொன்னது. கோடை முழுக்கப் பழகினவன். மேல் வீட்டு சுவிஸ்காரி முதலில கீழ வந்து சண்டை பிடிச்சவ. பிறகு பிடிச்சுப்போய் கேக் கொண்டுவந்து தந்தவ. அவ்வளவு பழகினவன்.

— பிள்ளை, எனக்குத் தனிப்பட்ட கோபம் ஒண்டும் இல்லை. ஆனால் ஒன்றியத்துக்கு ஒரு சட்டம் இருக்கு. வேகமா ஓடி லைசென்ஸைப் பறிகுடுத்தவை, அது திரும்பக் கையில கிடைக்கும் வரைக்கும் எமது மேடையில ஏறுதல் ஆகாது. நான் அதை வாசிக்கேக்க சனம் எழும்பி நிண்டு கை தட்டினது. நீயும் இருந்தனியே.

— இருந்தனான். நிருசன் லைசென்ஸ் குடுத்த அடுத்த கூட்டத்தில வந்த சட்டம் அது.

— தற்செயல்.

— எல்லாரும் திரும்பி அம்மாவைப் பாத்தவை. அதுவும் தற்செயல்தான். அதுக்குப் பிறகு நிருசன் கோயிலுக்கும் வாறேல்லை, அங்கிள். மிருதங்கத்துக்கு மேல சீலை போட்டு மூடி வைச்சிருக்கிறான். பொங்கலுக்கு வாசிக்க விடாட்டி அதை ஆருக்கும் குடுத்திடப்போறானாம். முந்தி அவன்ர அறைக்குள்ள இருந்து வாற சத்தத்துக்கு நான்தான் கத்துறனான். இப்ப அந்தச் சத்தம் இல்லாமல் எனக்கு அந்த வீட்டில இருக்கேலாமல் கிடக்கு.

— இஞ்சேருங்கோ, அந்தப் பொடியனை விட்டுக் குடுங்கோவன்.

— மலர், இது நிர்வாக விசயம்.

— ரெக்னிக்கல் முடிஞ்சு இப்ப நிர்வாகமோ? அது சரி.

— பிள்ளை, நீ யோசிச்சுப் பார். நாளைக்கு இன்னொரு பொடியன் இருநூறில ஓடிப்போட்டு வந்து, எனக்கும் மைக் தாங்கோ எண்டு கேப்பான். நான் என்ன சொல்ல? ஒரு சமூகத்துக்கு முன்னுதாரணம் எண்டு ஒண்டு வேணும். விளங்குதோ?

— நிருசன் அவ்வளவு வேகமா ஓடேல்லை அங்கிள். ஊருக்குள்ள, வேலைக்குப் பிந்திப்போச்சு எண்டு கொஞ்சம் அமத்தினவன். பிழைதான். அவனே பிழையெண்டுதான் சொல்லுறான். லைசென்ஸை எப்ப கொண்டுவந்து குடுக்கிறதெண்டு கன்ரோன் அரசாங்கத்தில கேட்டவை. சில மாதத்துக்குள்ள எப்பவெண்டாலும் குடுக்கலாமாம். அவன் அடுத்த கிழமையே கொண்டுபோய்க் குடுத்திட்டான், திரும்பக் கிடைக்கப் பொங்கல் முடிஞ்சிடும். விட்ட பிழையைக் கெதியா முடிச்சுவிடுவம் எண்டு.

— அதுதான் அவன் விட்ட பெரிய பிழை.

— எது அங்கிள்?

— உடன குடுத்தது. நல்ல வெயில் காலம். ஊர் முழுக்கக் கார் எடுத்துத் திரியிற நேரம். இவன் மிருதங்கத்தைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு பஸ்ஸில வந்து மண்டப வாசலில இறங்கினான். ஆருக்குத்தான் விளங்காது? புத்தியுள்ளவன் ஆறுதலா இருந்து யோசிப்பான். நல்ல குளிர் வரட்டும், ஆரும் ஆரையும் தேடாத நேரம், அப்ப குடுத்தால் ஒரு குருவிக்கும் தெரியவராது. வசந்தம் வரேக்க லைசென்ஸும் வந்திடும்.

— உங்களுக்கு இதெல்லாம் எப்பிடி அங்கிள் தெரியும்?

— தலைவர் எண்டால் எல்லாச் சட்டமும் தெரிஞ்சிருக்கோணும்.

— அது சரி.

— உங்கட சமர் ரயர் நாலும் கழட்டியாச்சு. வீட்டுக்குக் கொண்டுபோறீங்களோ, இல்லாட்டி இஞ்ச ரயர் ஹோட்டலில வைக்கட்டோ?

— ஹோட்டலோ? ரயருக்கோ?

— ஓம் அங்கிள். பின்னால ஒரு அறை இருக்கு. கழுவி, பேர் எழுதி, ஈஸ்டர் மட்டும் அடுக்கி வைப்பம். எல்லாரும் அதைத்தான் ரயர் ஹோட்டல் எண்டுறது.

— எத்தினை ஸ்ரார்?

— ஜன்னல் இல்லாத அறை, அங்கிள்.

— அப்ப என்ர ரயரைக் கதவுக்குக் கிட்டவா வை. வேற ஆரின்ரயும் ரயருக்குக் கீழ வைக்கக்கூடாது. பேர் எழுதேக்க தவராஜா எண்டு மட்டும் எழுதாதை. தலைவர் எண்டும் போடு.

— ரயரிலயோ?

— சோக்கால எழுதுறதுதானே. ரெண்டு எழுத்துக் கூட எழுதினால் சோக் தேய்ஞ்சு போகாது.

— இஞ்சேருங்கோ, பிள்ளை சாப்பிடாமல் நிக்குது. நான் ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்தனான். யது, முதல் கையைத் துடைச்சுப்போட்டு ஒரு வாய் சாப்பிடு.

— தாங்க்ஸ் அன்ரி. முன்சில்லு ரெண்டையும் பூட்டிப்போட்டுச் சாப்பிடுறன். …ம், இது முடிஞ்சுது. பாருங்கோ அங்கிள், ஆளே மாறிப்போச்சு.

— மெலிஞ்சுதான் போச்சு. வருத்தக்காரன் மாதிரி. மலர், அங்கால போய்த் தள்ளி நிண்டு பார். தூரத்தில இருந்து பாத்தால் தலைவற்ற கார் மாதிரித் தெரியுதோ?

— மஞ்சளாத் தெரியுது.

— அவ்வளவுதானோ?

— நல்ல சப்பாத்துப் போட்ட மாதிரியும் தெரியுது. எனக்குப் பிடிச்சிருக்கு. இந்தச் சில்லு மேல ஏறும்.

— அங்கிள், கறுப்பு றிம் போட்டால் இன்னும் கொஞ்சம் தடிப்பாத் தெரியும். வேணுமெண்டால் அடுத்த கிழமை எடுப்பிக்கலாம்.

— பாத்தியோ மலர்? பிள்ளைக்கு என்ர மனம் விளங்குது. உன்னை மாதிரி இளம் பெண்கள்தான் எமது ஒன்றியத்துக்கு வேணும், யதுஷா. பொங்கலண்டைக்கு வாசலில நிண்டு நகரத் தலைவரம்மாவுக்குச் சந்தனம் குடுக்கிற பொறுப்பை நான் உனக்குத் தாறன்.

— எனக்குச் சந்தனம் வேண்டாம் அங்கிள். தம்பிக்கு அந்தக் கொஞ்ச நேரத்தைக் குடுங்கோ. ஒரே ஒரு நடனம். முடிய அவன் எழும்பி இறங்கிப் போயிடுவான். பேர் கூடச் சொல்ல வேண்டாம்.

— கூடாது பிள்ளை.

— ஒரு ஓரமா இருந்து வாசிச்சால்?

— ஓரமெண்டாலும் மேடை மேடைதான்.

— மேடைக்குக் கீழ இருந்து வாசிச்சால்?

— ம்… இல்லை. சத்தம் மேடைக்கு ஏறும். ஆனால் நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. அவனைப் பொங்கலுக்கு வரச்சொல்லு. மண்டபத்தில கதிரை அடுக்கட்டும். முடிய எல்லாத்தையும் எடுத்துத் திரும்ப அடுக்கட்டும். எல்லாரும் பாப்பினம், இவன் திருந்திட்டான் எண்டு. வருங்காலத்தில யோசிப்பம். இதை நான் ஒரு சலுகையாத்தான் தாறன். விளங்குதோ?

— நல்லா விளங்குது அங்கிள்.

— இஞ்சேருங்கோ, நான் திரும்பவும் கேக்கிறன். ஒரு பொடியன் பிழை விட்டான், ஒப்புக்கொண்டான், கொண்டுபோய்க் குடுத்தான். அதுக்கு மேல என்ன வேணும்? வாசிக்க விடுங்கோவன்.

— மலர், நீ பிள்ளைக்கு முன்னால என்னைச் சின்னவனாக்கிறாய். சட்டத்தில ஆள் பாக்கேலாது. இண்டைக்குத் தம்பித்துரையின்ர மகனுக்கு ஒரு சட்டம், நாளைக்கு எனக்கு வேண்டியவைக்கு ஒரு சட்டம் எண்டு இருந்தால் அது ஒன்றியமில்லை, சந்தை. எமது மேடை எல்லாருக்கும் ஒண்டு.

— எல்லாருக்குமோ?

— எல்லாருக்கும்.

— நிர்வாகத்தில இருக்கிற ஆக்களுக்கும்?

— அவைக்கு முதல்.

— தலைவருக்கும்?

— தலைவருக்கும்தான் மலர்! சட்டத்தைச் செய்தவனே அதுக்குத் தலை குனியாட்டி, வேற ஆர் குனிவினம்? இதைக்கூட நான் பொங்கல் உரையில சேர்த்துக்கொள்ளலாம். நல்ல வசனம்.

— அது சரி.

— நாலும் பூட்டியாச்சு அங்கிள். ஸ்ரிக்கரும் ஒட்டியாச்சு. இனிக் கொஞ்சத் தூரம் ஓடின பிறகு ஒருக்காத் திரும்பக் கொண்டுவாங்கோ, நட்டை இன்னொருக்கா இறுக்கி விடோணும். டெர்மின் தேவையில்லை, வந்து ஹோர்ன் அடிச்சால் நான் வெளியில வருவன்.

— நல்லது பிள்ளை. நீ சாப்பிடு. நாங்கள் அப்ப வெளிக்கிடுறம்.

— ஒரு நிமிசம் அங்கிள். போறதுக்கு முன்னம் நீங்கள் ஒருக்கா இந்த முற்றத்தைச் சுத்தி ஓடிக் காட்டுங்கோ. புது ரயர் முதலில கொஞ்சம் வழுக்கும். பிரேக்கை அமத்திப் பாருங்கோ, ஸ்டியரிங் இழுக்குதோ பாருங்கோ. எல்லா ஸ்போர்ட்ஸ் காருக்கும் நான் இப்பிடித்தான் செய்யிறது.

— தேவையில்லை. உன்ர வேலையில எனக்கு நம்பிக்கை இருக்கு.

— நம்பிக்கைக்கு இல்லை அங்கிள், ஓடுற ஆளுக்குத்தான் வித்தியாசம் தெரியும். ரெண்டு நிமிசம்.

— எனக்கு இப்ப ஒரு ஃபோன் எடுக்கோணும். நகரத் தலைவரம்மாவின்ர கந்தோருக்கு.

— மத்தியானம். கந்தோர் பூட்டியிருக்கும் அங்கிள்.

— இந்தச் சப்பாத்தும் ஓடுறதுக்குச் சரியில்லை. அடி தோல். பெடல் வழுக்கும்.

— இதோட தானே வந்தனீங்கள்?

— முழங்காலும் காலமையில இருந்து…

— இடுப்பெண்டு சொன்னனீங்கள்?

— அதுதான் இறங்கி முழங்காலுக்கு வந்திருக்கு. பிள்ளை, நீ ஏன் தலைவரைக் குறுக்கு விசாரணை செய்யிறாய்? மலர் ஓடிப் பாக்கட்டும். அவவுக்கும் ஒரு பழக்கமாயிருக்கும்.

— அன்ரியோ? அங்கிள், நாளைக்கு ஸ்னோவுக்குள்ள ஓடப்போறது நீங்கள்தானே?

— அது… அது ஒரு பரந்த கேள்வி பிள்ளை.

— திறப்பை என்னட்டத் தா, யது. நிருசனும் தலைவரும் பொங்கலுக்கு ஒண்டா மேடையேறட்டும், இல்லாட்டி ஒண்டாக் கீழ நிண்டு கதிரை அடுக்கட்டும். வேகமா ஓடினதுக்கு இவற்ற லைசென்ஸும் பங்குனி வரைக்கும் கன்ரோனிலதான் கிடக்கு.